சாய்த்தால் மாறும் அலைநீளம்: வடசென்னை மொட்டை மாடியிலிருந்து வியாழனின் மீத்தேனைப் பிடிப்பது எப்படி

750 நானோமீட்டர் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்றை ஒளிக்கு நேராகப் பிடித்தால் 750-ஐ ஒட்டிய ஒளியை மட்டும் விடும். அதே கண்ணாடியை 30 டிகிரி சாய்த்தால் 726-ஐ விடும். கண்ணாடி மாறவில்லை, கோணம்தான் மாறியது.

இந்த இரண்டு எண்களை வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறோம். வியாழன், சனி ஆகியவற்றின் காற்றில் கலந்திருக்கும் மீத்தேன் 727-இல் சூரிய ஒளியை விழுங்குகிறது, 750-இல் அனேகமாகத் தொடுவதில்லை. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் கேமராவில் 727-க்கு ஒரு ஃபில்டரும் 750-க்கு ஒரு ஃபில்டரும் ஜோடியாக இருந்தது இதற்காகத்தான். ஹபிள் தொலைநோக்கியிலும் அதே ஜோடி உண்டு. அந்த இரண்டையும், நடுவில் இருக்கும் அலைநீளங்களையும், ஒரே ஃபில்டரைச் சாய்த்துச் சாய்த்து எடுக்கப்போகிறோம். தேவையான கருவிகள்: 6 அங்குல எஃப் 8 (குவியத் தூரம் விட்டத்தைப் போல் 8 மடங்கு) நியூட்டோனியன் டெலஸ்கோப், மோட்டார் வைத்த தாங்கி, கருப்பு வெள்ளை கோள் கேமரா, ஒரு 2 மடங்கு பார்லோ (குவியத் தூரத்தை நீட்டும் லென்ஸ்), படி படியாகச் சுழலும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். காசிமேடோ தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, வானம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் வியாழனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

விண்வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள்

அலைநீளத்தை மாற்றிக்கொள்ளும் ஃபில்டர்களில் விண்கலங்கள் பல வகைகளைப் பயன்படுத்தியிருக்கின்றன. 2003-இல் கிளம்பிய மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ஸ்பைகாம் கருவி, நிலவின் மறுபக்கத்தில் 2019-இல் இறங்கிய யூட்டு-2 ஊர்தி, செவ்வாயில் இருக்கும் பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் சூப்பர்கேம் கருவி ஆகிய மூன்றிலும் இருப்பது ஒலி அலையால் ஒளியைப் பிரிக்கும் படிகம். ரேடியோ அதிர்வெண்ணை மாற்றினால் போதும், அசையும் பாகம் கிடையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றுவது ஃபேப்ரி-பெரோ வகை. ஃபின்லாந்து மாணவர்களின் ஆல்டோ-1 சிறு செயற்கைக்கோளில் அது 500 முதல் 900 நானோமீட்டர் வரை வேலை செய்தது. அந்தச் செயற்கைக்கோள் 2017 ஜூன் 23 அன்று பிஎஸ்எல்வி-சி38-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. நம் பக்கத்து மொட்டை மாடிகளில் நின்று பார்க்கிற அதே புகைக்கோடுதான். சந்திரயான்-1-இன் ஹைசி கேமரா வேறு வழியில் போனது. அதன் ஃபில்டர் ஆப்பு வடிவில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலைநீளம் மாறிக்கொண்டே போகும், விண்கலம் நகர நகர நிலவின் ஒவ்வொரு புள்ளியும் 64 பட்டைகளையும் கடக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எல்லா அலைநீளமும் ஒரே நொடியில் பதிவாவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பதிவாகும். ஆகவே நடுவில் எது மாறினாலும் அது நிறமாலையில் பொய்யாகப் புகுந்துகொள்ளும். கீழே வரும் முறைகளில் பாதி அந்தப் பொய்யைப் பிடிப்பதற்கானவை.

ஃபில்டர் வாங்கும்போது

மையம் 750, அரை உயர அகலம் (ஃபில்டர் விடும் ஒளிப் பட்டையின் அகலம்) 10 நானோமீட்டர், விட்டம் 25 மில்லிமீட்டர், கெட்டிப் பூச்சு வகை. வளையத்தோடு சேர்த்து 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். சாயும்போது வளையத்தின் உயரமே ஒளியை மறைக்கும். 21 மில்லிமீட்டர் திறப்பும் 5 மில்லிமீட்டர் வளையமும் இருந்தால் 30 டிகிரியில் மிஞ்சுவது சுமார் 15.7 மில்லிமீட்டர். நமக்கு அது தாராளம்.

பழைய லேபில் கிடக்கும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒட்டிய மென்பூச்சு ஃபில்டரைத் தவிர்த்துவிடுங்கள். கடலோரத்து ஈரம் விளிம்பு வழியாக உள்ளே ஏறும். மையமும் நகர்ந்துபோகும், ஓரத்தில் தேமல் மாதிரி திட்டும் விழும்.

889 நானோமீட்டரில் மீத்தேன் இன்னும் ஆழமாக விழுங்கும், அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அந்த ஃபில்டரை 30 டிகிரி சாய்த்தால் 861-க்கு வரும், அங்கேயும் ஒரு சின்ன மீத்தேன் பட்டை உட்கார்ந்திருக்கிறது. ஒப்பிட மீத்தேன் தொடாத ஒரு மேட்டுப் பகுதி கைக்கு வராது. போதாததற்கு அங்கே சிலிக்கான் சென்சாரின் உணர்திறனும் குறைவு.

ஃபில்டர் கைக்கு வந்ததும் இரண்டு சோதனை. கேமரா முன் ஃபில்டரைப் பிடித்து, டிவி ரிமோட்டை அமுக்கிக் காட்டுங்கள். ரிமோட்டின் ஒளி 940 நானோமீட்டர். நேராகவும் சரி, 35 டிகிரி சாய்வில் சரி, அது கேமராவில் தெரியக் கூடாது. தெரிந்தால் அகச்சிவப்பு கசிகிறது. அடுத்து வெள்ளை எல்இடி பல்பு. அதில் 750 ஒளி ஏறக்குறைய கிடையாது, ஆகவே அதுவும் இருட்டாகவே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று கசிந்தாலும் மேற்கொண்டு செலவு செய்யாமல் ஃபில்டரை மாற்றுங்கள்.

எஃப் 20 வேண்டும், எஃப் 8 ஆகாது

சாய்வுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள உறவு இதுதான்: நேர்நிலை அலைநீளத்தை, (1 − (சைன் கோணம் ÷ ந)²) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இங்கே ந என்பது பூச்சின் சராசரி ஒளிவிலகல் எண் என்று வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் 1.6-க்கும் 2.1-க்கும் இடையில் இருக்கும். ந 2 என்றால் 750 ஃபில்டர் 10 டிகிரியில் 747.2, 20-இல் 739.0, 25-இல் 733.1, 30-இல் 726.2. முதல் 10 டிகிரி சும்மா போகிறது, பிறகு வேகம் பிடிக்கிறது. 30 டிகிரி அருகே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர்.

டெலஸ்கோப்பிலிருந்து வரும் ஒளி கூம்பாக வருகிறது என்பது இங்கேதான் உறுத்தும். எஃப் 8 கூம்பின் பாதிக் கோணம் 3.6 டிகிரி. ஃபில்டரை 30 டிகிரியில் வைத்தால் ஒரு ஓரக்கதிர் 26.4-இலும் மறு ஓரக்கதிர் 33.6-இலும் நுழையும். விளைவு, ஒரே படத்தில் ±5 நானோமீட்டர் குழம்பும். 10 நானோமீட்டர் ஃபில்டருக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் பலனைக் கூம்பில் கொட்டிய கதை. எஃப் 20-இல் பாதிக் கோணம் 1.4 டிகிரி, குழப்பம் ±2 தான்.

இரண்டாவது காரணமும் உண்டு. கூம்பு ஒளியில் சாய்ந்து நிற்கும் கண்ணாடி, நெடுக்குக்கும் குறுக்குக்கும் வெவ்வேறு குவியம் தரும். 3.5 மில்லிமீட்டர் கண்ணாடி 30 டிகிரியில் நின்றால் வித்தியாசம் 0.39 மில்லிமீட்டர். எஃப் 8-இல் இதனால் வரும் மங்கல் 48 மைக்ரான், தொலைநோக்கியின் சொந்த ஒளிப்பொட்டு 14 மைக்ரான்தான், ஆகவே படம் கெடும். எஃப் 20-இல் மங்கல் 19 மைக்ரான், ஒளிப்பொட்டோ 36. பொட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இதற்காக 2.5 மடங்கு பார்லோ தேடி அலைய வேண்டாம். சுமார் 80 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள 2 மடங்கு பார்லோவை வாங்கி, கேமராவை வழக்கமான இடத்திலிருந்து 40 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் அது தானாக 2.5 மடங்கு ஆகும். அந்த 40 மில்லிமீட்டரில்தான் நம் ஃபில்டர் பெட்டி உட்காரப்போகிறது.

பெட்டி

உள் நீளம் 40 மில்லிமீட்டர், அகலம் 36. அலுமினியத்தில் லேத் பட்டறையில் சொல்லிச் செய்யலாம், 3டி பிரிண்டும் போதும். முன்புறம் 1.25 அங்குலக் குழாய், பின்புறம் கேமராவின் திருகு. ஃபில்டரை ஒரு வளையத்தில் பதித்து, வளையத்தின் இரு பக்கமும் அச்சு வைத்து, இரு பக்கமும் சிறு பேரிங் போடுங்கள். மோட்டார் பக்கம் மட்டும் தாங்கினால் டெலஸ்கோப் சாயும்போது வளையமும் தொங்கும். கோணம் போச்சு. அச்சின் கோடு ஃபில்டர் கண்ணாடியின் நடுத்தளத்தில் ஓட வேண்டும்.

மோட்டாருக்கு 28பிஒய்ஜே-48 போதும். ரிச்சி தெருவில் யுஎல்என்2003 போர்டோடு சேர்த்தே தருவார்கள். அரைப்படி முறையில் ஒரு சுற்றுக்கு 4096 படி என்று எழுதியிருக்கும், பல் எண்ணிக்கையைக் கணக்கிட்டால் சுமார் 4076. நிரலில் 4076 போடுங்கள். ஒரு படி 0.088 டிகிரி, 30 டிகிரி அருகே 0.13 நானோமீட்டர். தேவைக்கு மேலேயே நுணுக்கம்.

அந்த நுணுக்கத்தை எல்லாம் சாப்பிடுவது பல்சக்கரத்தின் ஆட்டம். இந்த மோட்டாரை எந்தக் கடையில் வாங்கினாலும் கையால் லேசாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு டிகிரிக்கு மேல் லொட லொட என்று ஆடும். இரண்டு வைத்தியம் சேர்த்துச் செய்ய வேண்டும்: வளையத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங், நிரலில் எந்தக் கோணத்துக்குப் போனாலும் 3 டிகிரி கீழே இறங்கிப் பிறகு ஏறி வரும் பழக்கம். இறங்கு வரிசையில் படம் எடுக்கும்போதும் இந்த விதி மாறக் கூடாது.

மோட்டாருக்கு மின்சாரம், அதை இயக்கும் அர்டுயினோ போர்டின் காலிலிருந்து எடுக்காமல் தனியாக 5 வோல்ட் பவர் பேங்கிலிருந்து கொடுங்கள். நகர்ந்து முடிந்ததும் சுருள்களை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் மோட்டார் சுடும், அந்தச் சூட்டுக் காற்று ஒளிப்பாதையில் நெளியும். அணைத்தாலும் பல்சக்கரமே பிடித்து நிற்கும்.

உள்ளே கருப்பு அடிப்பது எல்லோரும் சறுக்கும் இடம். கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் பல பொருள்கள் 750-இல் கருப்பே இல்லை. கருப்பு அனோடைஸ் செய்த அலுமினியம், சில கருப்புத் துணிகள், சில பிரிண்டர் இழைகள் எல்லாம் சாம்பல் நிறமாக மின்னும். பூசியதை ஃபில்டர் வழியே கேமராவில் பார்த்து உறுதி செய்யுங்கள். விளக்குக் கரி 750-இலும் கரிதான். அகல் விளக்கில் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியை மேட் வார்னிஷில் குழைத்துப் பூசி நன்றாகக் காயவிட்டால் உதிராது. நேரடியாகக் கரி படிய வைத்தால் அடுத்த வாரம் சென்சார் மேல் இருக்கும்.

கோணத்துக்கு அலைநீளம் கட்டுவது

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ந 2 என்று நம்பிக் கிளம்பி, உண்மையில் அது 1.6 என்றால், 30 டிகிரியில் நீங்கள் 726-இல் இல்லை, 712-இல் இருக்கிறீர்கள். மீத்தேன் பட்டையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போயாகிவிட்டது.

அளவுகோலாக நியான். எலக்ட்ரிக் கடையில் பேனல் இண்டிகேட்டர் என்று கேட்டால் ரெசிஸ்டரோடு சேர்ந்த ஆரஞ்சு விளக்கு கிடைக்கும். இப்போது பலவற்றில் எல்இடி வைத்து விற்கிறார்கள், ஆகவே நியான்தானா என்று கேட்டு வாங்குங்கள். டெஸ்டர் ஸ்குரூடிரைவருக்குள் இருப்பதும் இதே நியான்தான், ஆனால் மங்கல். 230 வோல்ட் வேலை, ஒயர் மூட்டுகளை நன்றாக மூடியபின்தான் சுவிட்சைப் போட வேண்டும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் வேண்டாம்.

நியானில் நமக்கு வேண்டிய கோடுகள் 743.9, 724.5. ஐந்தாறு விளக்குகளை டெலஸ்கோப் வாயில் வரிசையாகக் கட்டி, வாய் முழுவதையும் டிரேசிங் பேப்பரால் மூடுங்கள். வாய் முழுதும் நிறைந்தால்தான் ஒளி அதே எஃப் 20 கூம்பாக ஃபில்டரை அடையும். விளக்கைப் பெட்டி முன்னால் நேரடியாகப் பிடித்து அளந்தால் வேறு கூம்பு, வேறு கோணச் சராசரி, வேறு விடை. வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும், சில வினாடி எக்ஸ்போஷரும் அதிக கெயினும் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) தேவைப்படும். படத்தின் நடுவில் 200 × 200 பிக்சலின் சராசரியை மட்டும் எடுத்தால் இரைச்சல் அடங்கிவிடும். எக்ஸ்போஷர் 10 மில்லிவினாடியின் மடங்காக இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நியான் வினாடிக்கு 100 முறை மினுக்கும்.

இப்போது −36 டிகிரியிலிருந்து +36 வரை அரை டிகிரி இடைவெளியில் ஓட்டி, கோணத்துக்கு எதிரே வெளிச்சத்தை வரையுங்கள். நடுவில் 753.6, 754.4 கோடுகளால் ஒரு மேடு தெரியும், அதை விட்டுவிடலாம். இரு பக்கமும் முதலில் வரும் சிகரம் 743.9, அடுத்தது 724.5.

ஒரு எடுத்துக்காட்டு. 743.9-இன் சிகரங்கள் +15.6-இலும் −13.8-இலும் விழுகின்றன. இரண்டின் நடு 0.9. அதாவது உங்கள் பூஜ்யம் 0.9 டிகிரி தள்ளியிருக்கிறது, உண்மையான சாய்வு 14.7. 724.5-க்கு +32.0, −30.2. இதன் நடுவும் 0.9, சாய்வு 31.1. இரண்டு நடுவும் ஒன்றாக வந்தால் அச்சு ஒழுங்காக இருக்கிறது. கால் டிகிரிக்கு மேல் வேறுபட்டால் பல்சக்கர ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் அலைநீளத்தின் வர்க்கமும் சைன் வர்க்கமும் ஒரே நேர்கோட்டில் வரும். சைன் வர்க்கங்கள் 0.0644, 0.2668. அலைநீள வர்க்கங்கள் 5,53,387 மற்றும் 5,24,900. சரிவு 1,40,737. கோட்டைப் பூஜ்யத்துக்கு நீட்டினால் 5,62,450, அதன் வர்க்கமூலம் 749.97. இதுதான் உங்கள் ஃபில்டரின் நிஜ மையம். 5,62,450-ஐ சரிவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ந = 2.0. இந்த இரண்டு எண்ணையும் பெட்டி மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

இந்த ஃபில்டருக்கு சுமார் நான்கு நானோமீட்டர் இடைவெளியில் ஏழு பட்டைகள்: 5 டிகிரி (749), 13.3 (745), 18.0 (741), 21.8 (737), 25.1 (733), 28.0 (729), 30.1 (726). பூஜ்யத்தில் ஏன் எடுக்கவில்லை என்றால், நேராக நிற்கும் ஃபில்டரும் சென்சாரும் எதிரெதிர்க் கண்ணாடிபோல் ஒன்றையொன்று பார்த்து, கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு பேய் வியாழனை உண்டாக்கும். 5 டிகிரி சாய்த்தால் அது படச் சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும், இழப்பு 0.7 நானோமீட்டர் மட்டுமே.

இரவில்

வியாழன் 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு எதிரே வந்தது, அடுத்த முறை 2027 பிப்ரவரியில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு வானம் தோது. இந்த ஆண்டுகளில் வியாழன் வடக்குச் சாய்வில் இருப்பதால் சென்னையில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும். அப்படி உச்சியில் இருக்கும்போதே எடுங்கள்.

மாடித் தளம் பகலில் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை கக்கும். சாயங்காலம் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே தூண் வரும் மூலையில் வைத்தால் அதிர்வு குறையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போனாலும், பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் போட்டாலும், 200 மடங்கு பெருக்கத்தில் தெரிந்தே தெரியும். மோட்டார் போடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

2.9 மைக்ரான் பிக்சலுள்ள ஐஎம்எக்ஸ்290 கருப்பு வெள்ளை சென்சார் என்றால், 3000 மில்லிமீட்டர் குவியத்தில் ஒரு பிக்சல் 0.2 விகலை (விகலை என்பது ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு). 45 விகலை வியாழன் 226 பிக்சல் அகலம் வரும். ஃபில்டர் சாயச் சாயப் படம் பக்கவாட்டில் தாவும். 3.5 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 30 டிகிரியில் 0.68 மில்லிமீட்டர், அதாவது சுமார் 234 பிக்சல். கிரகம் தன் முழு அகலத்துக்கும் மேலாகவே நகர்ந்துவிடும். ஆகவே சட்டத்தின் நீளப் பக்கத்திலேயே தாவல் ஓடும்படி அச்சைத் திருப்புங்கள், வியாழனின் பட்டைகளும் அதே திசையில் இருக்கும்படி கேமராவைச் சுழற்றுங்கள். நிலவுகளும் அந்தக் கோட்டில்தான் வரிசைகட்டும். அவற்றில் ஒன்றான ஐஓ வியாழனின் நடுவிலிருந்து அதிகபட்சம் 138 விகலைதான் விலகும், 700 பிக்சலுக்குள். 1920 பிக்சல் அகலத்தில் அது எப்போதும் அடங்கும். ஐஓ நமக்கு ஏன் தேவை என்பது அடுத்த பகுதியில். உயரத்தை மட்டும் 400 வரிகளாக வெட்டுங்கள். வெட்டாவிட்டால் ஒரு வரிசைக்கே 9 ஜிபி போகும்.

வியாழன் 9 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. நடுவட்டில் ஒரு புள்ளி நிமிடத்துக்கு 0.24 விகலை நகரும். 6 அங்குலத்தின் பிரிதிறன் 730 நானோமீட்டரில் 1.2 விகலை. அதில் பாதிக்குள் முடிக்க வேண்டுமானால் இரண்டரை நிமிடம் அவகாசம். ஆகவே பட்டைக்கு 8 வினாடி, நகர்ந்ததும் ஒரு வினாடி பொறுத்து, 749-இலிருந்து 726 வரை போய், உடனே 726-இலிருந்து 749-க்குத் திரும்புங்கள். ஏழு பட்டையும் இரண்டு முறை, மொத்தம் இரண்டே கால் நிமிடத்துக்குள். ஒவ்வொரு பட்டையின் சராசரி நேரமும் வரிசையின் நடுநிமிடத்திலேயே விழும். சுழற்சியின் பொய் தன்னால் கழிந்துவிடும்.

கெயினும் எக்ஸ்போஷரும் ஏழு பட்டைக்கும் ஒன்றே. 749-இல் ஹிஸ்டோகிராம் (பிக்சல்களின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 60 சதவீதம் தொடும்படி வைத்துவிட்டு, 726-இல் மங்குகிறதே என்று கை வைக்காதீர்கள். மங்குவதைத்தான் அளக்கிறோம். தானியங்கி எக்ஸ்போஷர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கவும். 16 பிட் பதிவு, 8 வேண்டாம்.

ஒவ்வொரு கோணத்துக்கும் தனி ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) எடுக்க வேண்டும். ஃபில்டர் சாயும்போது அதன் மேல் இருக்கும் தூசியின் நிழலும் நகரும். ஃப்ளாட்டுக்கு விளக்கு பழைய குண்டு பல்புதான். எல்இடியில் நமக்கு வேண்டிய ஒளி இல்லை என்பதை முன்பே பார்த்தோம்.

மீத்தேனா, நம் ஊர் ஈரமா

டார்க் (மூடி போட்டு எடுத்த இருட்டுப் படம்) கழித்து, ஃப்ளாட்டால் வகுத்து, படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, தாவலைச் சரிசெய்தால் ஏழு படம் கிடைக்கும். அடுக்கும்போது கூர்மையாக்கும் வேவ்லெட் எதையும் தொடாதீர்கள். படம் அழகாகும், எண் கெட்டுப்போகும்.

726 படத்தில் வியாழன் மங்கியதும் மீத்தேன் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். 718 முதல் 735 வரை பூமியின் நீராவியும் ஒளியை விழுங்குகிறது. சென்னைக் காற்றில் நீராவிக்கா பஞ்சம்? ஃபில்டரின் ஊடுருவலும் சாயச் சாயக் குறையும். இந்த எல்லாவற்றையும் ஒரே அடியில் கழிக்கத்தான் ஐஓ. அதில் மீத்தேன் இல்லை, ஆனால் அதன் ஒளியும் அதே காற்றையும் அதே ஃபில்டரையும் அதே நொடியில் கடந்து வந்திருக்கிறது. ஐஓவைச் சுற்றி 15 பிக்சல் ஆரத்தில் வட்டம் போட்டுக் கூட்டுங்கள். 20 முதல் 30 வரையான வளையத்தின் சராசரியைப் பின்னணியாகக் கழியுங்கள், ஏனென்றால் வியாழனின் ஒளிக்கசிவு அங்கே படர்ந்திருக்கும். ஐஓ வியாழனின் விளிம்பை நெருங்கி நிற்கும் நேரத்தில் இந்தக் கணக்கு பலிக்காது.

ஒவ்வொரு பட்டையிலும் வியாழனின் மதிப்பை ஐஓவின் மதிப்பால் வகுத்து, 749 பட்டையில் 1 வரும்படி அளவு மாற்றுங்கள். இவற்றை வரைந்தால் கோடு 741 வரை சமமாகப் போய் பிறகு இறங்க வேண்டும். எரிக் கார்கோஷ்கா 1990-களில் வெளியிட்ட பெருங்கோள் நிறமாலைகளோடு ஒப்பிட்டால் உங்கள் பள்ளம் ஆழம் குறைவாக இருக்கும். தவறில்லை, 10 நானோமீட்டர் அகலமும் கூம்பின் குழப்பமும் சேர்ந்து பள்ளத்தை நிரவிவிடும்.

726 படத்தை 749 படத்தால் பிக்சலுக்குப் பிக்சல் வகுத்தால் அது உயரத்தின் வரைபடம் மாதிரி. மேகம் தாழ்வாக உள்ள இடத்தில் ஒளி அதிக மீத்தேனைக் கடந்து வருகிறது, கருக்கும். உயரமான மேகம் கருக்காமல் தப்பும். பெரும் சிவப்புப் புள்ளி வட்டின் நடுவில் இருக்கும் நேரத்தைப் பார்த்து எடுத்தால் அது சுற்றுப்புறத்தைவிட வெளிறித் தெரிய வேண்டும்.

எங்கே சொதப்பும்

போன வரிசையையும் திரும்பிய வரிசையையும் ஒப்பிடுங்கள். ஒரே பட்டையின் இரண்டு படத்திலும் வியாழனின் மொத்த வெளிச்சம் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் கடந்திருக்கிறது. ஐஓவால் வகுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஓரளவு ஆகும். ஆனாலும் அந்த வரிசையை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுப்பதுதான் எங்கள் பரிந்துரை. இரண்டே கால் நிமிடம்தானே.

இரண்டும் ஒத்துப்போய், ஆனால் பள்ளமே விழவில்லை என்றால் பூஜ்யம் நழுவியிருக்கும். ஸ்பிரிங் கழன்றதா என்று பாருங்கள், நியானை மறுபடி ஓட்டுங்கள். பள்ளம் 735-இலேயே விழுந்தாலும் இதே வைத்தியம்.

சாய்வில் ஒளியின் இரண்டு அதிர்வுத் திசைகளுக்கும் (போலரைசேஷன்) மையம் கொஞ்சம் பிரியும் என்று படித்துவிட்டு, செத்த எல்சிடியிலிருந்து உரித்த போலராய்டு தாளை முன்னால் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தத் தாள் 700-ஐத் தாண்டினால் ஒழுங்காக வேலை செய்யாது. 30 டிகிரிக்குள் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

உப்புக் காற்று தனி எதிரி. ஃபில்டரில் படிந்தது தூசி என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தால் உப்புப் பரல் பூச்சைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் ஒரு முறை இழுங்கள். வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி, பனியில் குளிர்ந்திருந்தால் கால் மணி நேரம் வீட்டுக்குள் அப்படியே வைத்து ஈரம் ஆறியபின், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் மூடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி பயன்படும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தர வேண்டாம்.

வியாழன் கைவந்தபின் சனிக்குப் போகலாம். அங்கே ஐஓ தேவையில்லை. வளையத்தில் மீத்தேன் கிடையாது, ஆகவே ஒப்பீட்டு அளவுகோலைக் கிரகமே இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு காட்டித் திரும்பியதால் இன்னும் சில காலம் அது மெலிந்துதான் தெரியும், பிக்சல் குறைவாகக் கிடைக்கும். சனி மங்கலானதால் எக்ஸ்போஷரை மூன்று நான்கு மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். 726 படத்தில் கோளம் மங்கி வளையம் மட்டும் பளிச்சென்று நின்றால், ஃபில்டர் சொன்ன இடத்தில் நிற்கிறது என்று பொருள்.